விட்டுப்போன எண்

தாத்தா கணக்கு எழுதுவதை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. ஆனாலும் எங்கே எண்கள் வரிசையாகக் கிடந்தாலும் அவர் விரல் தானாக அதன் மேல் ஊரும். மளிகைக் கடை ரசீது, கரன்ட் பில், கல்யாண மொய் நோட்டு என்று எதுவானாலும் மேலிருந்து கீழே ஒருமுறை இறங்கி வந்தால்தான் அவருக்குத் திருப்தி. கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் முப்பத்தைந்து வருடம் பேரேடு எழுதிய கை அது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பேத்தி ஒரு சார்ட்டை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் எண்களை எழுதிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித தினம். அதற்காகப் பள்ளியில் கண்காட்சி.

"இதையாவது செய்றாளே மாமா" என்று மருமகள் அடுப்படியிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "காலாண்டுப் பரீட்சைக்கு அப்புறம் கணக்குன்னாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா. பதினொண்ணாவதுல கணக்கு குரூப்பே வேணாங்கிறா. டீச்சர்தான் விடாம இந்த வேலையைக் குடுத்திருக்காங்க."

தாத்தா பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரல் சார்ட்டின் மேல் ஊர ஆரம்பித்தது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120...

"என்ன வரிசை பாப்பா இது? இரட்டிப்பாவும் போகலை, கூட்டியும் போகலை."

"1729-ஐ எல்லாரும் எழுதுவாங்க, டாக்ஸி கதையைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு, நீ வேற எழுதுன்னு டீச்சர் இந்த ஜெராக்ஸைக் குடுத்தாங்க தாத்தா. இது ராமானுஜன் போட்ட பட்டியல். ஒவ்வொரு எண்ணும் ஒரு ரெக்கார்டு மாதிரி. தனக்கு முன்னாடி வந்த எல்லா எண்ணையும்விட இதுக்குக் காரணி அதிகமா இருக்கணும்."

தாத்தாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. பாத்திரக்கடையில் டம்ளர், தட்டு எல்லாம் டஜன் கணக்கில்தான் வரும். பத்து டம்ளரைச் சமமாகப் பிரிக்க வேண்டுமானால் 1, 2, 5, 10 என்று நான்கு வழிதான். பன்னிரண்டு என்றால் 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு வழி. பன்னிரண்டுக்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. அதனால் 12 பட்டியலில் இருக்கிறது. அடுத்த ரெக்கார்டு 24, அதற்கு 8 காரணிகள். 60-க்கு 12 காரணிகள். ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு மணிக்கு 60 நிமிடம், பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை. எல்லாமே இந்தப் பட்டியலில் உட்கார்ந்திருந்தன.

"அட, இதெல்லாம் நம்ம வீட்டு எண்ணா இருக்கே!" என்றார் தாத்தா.

"ஆரம்பத்துல மட்டும்தான் தாத்தா. கீழ போகப் போக பாருங்க."

கீழே போகப் போக எண்கள் பெருத்தன. கடைசி எண்ணை பேத்தி காலையிலேயே அடியில் பெரிதாக எழுதி வைத்திருந்தாள். 67,46,32,83,88,800. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம் கோடி. அதற்கு 10,080 காரணிகள். மொத்தம் 102 எண்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், 1915-இல், ராமானுஜன் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் அந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தார்.

ராமானுஜன் கதை தாத்தாவுக்குத் தெரியும். கும்பகோணத்தில் அது தெரியாதவர் யார்? சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வளர்ந்த வீடு இன்றும் இருக்கிறது. டவுன் ஹைஸ்கூலில் படித்தார். கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்றார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தார். ஆனால் தாத்தாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது வேறொன்று. 1912-இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தது கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக. மாதச் சம்பளம் 30 ரூபாய். 'நம்ம உத்தியோகம்தான்' என்று கடையில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக் கொண்டவர் தாத்தா. அந்த குமாஸ்தா 1914 மார்ச்சில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916-இல் அங்கே அவருக்கு பி.ஏ. பட்டம் கிடைத்தது. இந்தியாவில் இரண்டு கல்லூரிகளில் படித்தும் கிடைக்காத பட்டம்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்து ஏதோ பார்த்தாள். முகம் மாறியது.

"தாத்தா... இந்தப் பட்டியல்ல ஒரு எண்ணு விட்டுப்போச்சாம்."

"யாரு விட்டா? நீயா?"

"இல்ல. ராமானுஜனே."

தாத்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போன்ல கண்டவனும் கண்டதைப் போடுவான். நீ எழுதுறதை எழுது."

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். "நல்லா இருக்கே! நம்ம ஊர் பெரிய மனுஷர் பிறந்த நாள் விழாவுக்கு, அவர் தப்புப் பண்ணார்னு சார்ட் எழுதிட்டுப் போவியா? அதெல்லாம் வேணாம். ஜெராக்ஸ்ல இருக்கிறதை மட்டும் எழுது."

பேத்தி ஒன்றும் பேசவில்லை. போனை மட்டும் தாத்தா பக்கம் நீட்டினாள். திரையில் ஓர் எண் இருந்தது. 2,93,31,86,25,600.

தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. ஒரு கணக்குப்பிள்ளை கோபத்தில் கணக்கை ஒதுக்கிவிட முடியாது. "அந்த ரஃப் நோட்டை எடு. போட்டுப் பார்த்துடுவோம்" என்றார்.

முதலில், ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரக்கணக்கில் இருப்பதை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பேத்திக்கு வழி தெரிந்திருந்தது. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்துவிட வேண்டும். 12 என்பது 2×2×3. அதன் காரணி ஒன்றை உண்டாக்க, 2-ஐ எடுக்காமலே விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம். மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம், விடலாம். இரண்டு வழி. மூன்றும் இரண்டும் பெருக்கினால் ஆறு. அவ்வளவுதான். ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கிவிட்டால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்.

போனில் இருந்த எண்ணின் பகா எண்கள் இவை: 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை.

"படிக்கட்டு மாதிரி இறங்குது பார்" என்றார் தாத்தா. 6, 4, 2, 2, 1, 1, 1, 1.

"அப்படித்தான் இறங்கணுமாம் தாத்தா. சின்ன எண்ணுதான் அதிக முறை வரணும். பெரிய எண்ணு அதிக முறை வந்தா, ரெண்டையும் மாத்திப் போட்டு, அதே அளவு காரணி இருக்கிற சின்ன எண்ணை உண்டாக்கிடலாம். அப்புறம் அது ரெக்கார்டே இல்லையே! கடைசிப் படி எப்பவும் ஒண்ணுதானாம். 4, 36 ரெண்டு மட்டும்தான் விதிவிலக்கு. அதை ராமானுஜனே நிரூபிச்சிருக்கார்."

கணக்கே வேண்டாம் என்று சொல்லும் பெண் இதை எப்போது படித்தாள் என்று தாத்தா நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

பெருக்கல் ஆரம்பமானது. பேத்தி போனில் தட்டினாள், தாத்தா நோட்டில் போட்டார். 2-ஐ ஆறு முறை பெருக்கினால் 64. 3-ஐ நான்கு முறை பெருக்கினால் 81. இரண்டையும் பெருக்க 5,184. அதை 25-ஆல் பெருக்க 1,29,600. அதை 49-ஆல் பெருக்க 63,50,400. 11-ஆல் பெருக்க 6,98,54,400. 13-ஆல் பெருக்க 90,81,07,200. 17-ஆல் பெருக்க 15,43,78,22,400. கடைசியாக 19-ஆல் பெருக்கினால் 2,93,31,86,25,600. பைசா பிசகவில்லை.

காரணிகளின் எண்ணிக்கை? 7×5×3×3×2×2×2×2. தாத்தா மனக்கணக்காகவே சொன்னார். "ஐயாயிரத்து நாற்பது."

"தாத்தா, 5,040-உம் இந்தப் பட்டியல்ல இருக்கிற எண்ணுதான்!" பேத்தி சார்ட்டின் முதல் வரிசையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். பட்டியல்ல இது எங்க வரணும், அதைப் பார்."

ஜெராக்ஸில் அந்த இடத்தைத் தேடினார்கள். 2,40,94,02,99,600 என்று ஓர் எண். அதற்கு 4,800 காரணிகள். அதற்கு அடுத்த வரியில் 3,21,25,37,32,800. அதற்கு 5,376 காரணிகள். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

பட்டியல் சொல்வது என்ன? 4,800 என்ற ரெக்கார்டு, அடுத்து 3,21,25,37,32,800 வரும் வரை உடையவில்லை என்று சொல்கிறது. ஆனால் அதற்கு முன்னாலேயே, 2,93,31,86,25,600-இல், 5,040 காரணிகள் இருக்கின்றன. அவர்கள் கையாலேயே போட்டுப் பார்த்தாயிற்று. 5,040 என்பது 4,800-ஐவிடப் பெரியது. அப்படியானால் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. இதற்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், பேராசிரியரும் வேண்டாம்.

தாத்தா பென்சிலை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு வரி" என்றார் கடைசியில். வேறொன்றும் சொல்லவில்லை.

பேத்தி அந்த எண்ணோடு விளையாட ஆரம்பித்திருந்தாள். 2-ஆல் வகுத்தாள், 3-ஆல் வகுத்தாள், 4, 5, 6 என்று போய்க்கொண்டே இருந்தாள். எதிலும் மீதி வரவில்லை. 14, 15, 16... 20, 21, 22. எல்லாவற்றிலும் சுத்தமாகப் போனது. 23-இல் முதல் முறையாகத் தடுக்கியது. மீதி 17.

"இதுகிட்ட 23 மட்டும் இல்ல தாத்தா."

"மத்ததுக்கு இருக்கா பார்."

பார்த்தாள். பட்டியலில் அதற்கு முன்னால் நிற்கும் இரண்டு எண்களும் 23-ஆல் வகுபட்டன. பின்னால் வரும் 13 எண்களும் ஒன்று விடாமல் வகுபட்டன. நடுவில் இது ஒன்றுதான் 23 இல்லாமல் நின்றது. அதற்குப் பதிலாக இதனிடம் 7 இரண்டு முறை இருந்தது.

"அதான்" என்றார் தாத்தா. "கூட்டத்துல எல்லாரும் ஒரே மாதிரி வரும்போது, வேற மாதிரி வர்ற ஒருத்தரைக் கண்ணு தாண்டிடும். எனக்குத் தெரியும்."

பேத்திக்கு அப்போது என்ன தோன்றியதோ, "இல்லாத 23-ஐ நாமளே குடுத்துப் பார்ப்போம்" என்று அந்த எண்ணை 23-ஆல் பெருக்கினாள். விடையைப் பார்த்துவிட்டு, போனைத் தரையில் வைத்துவிட்டாள். பிறகு எழுந்து போய் சார்ட்டின் அடியில் குனிந்து பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"தாத்தா, இங்க வாங்க."

67,46,32,83,88,800.

காலையில் அவள் கையாலேயே பெரிதாக எழுதி வைத்த எண். ராமானுஜன் பட்டியலின் கடைசி எண். விட்டுப்போன எண்ணை, அதனிடம் இல்லாத 23-ஆல் பெருக்கினால் வருவது அதுதான்.

அதாவது, பட்டியலில் வரி விட்டுப்போனதே தவிர எண் எங்கும் தொலைந்து போகவில்லை. பட்டியலை முடித்து வைக்கும் எண்ணுக்கு உள்ளேயே அது முழுசாக இருந்தது. கடைசி எண்ணை 23-ஆல் வகுக்கிற எவர் கையிலும் அது வந்து விழுந்துவிடும். அவர் கண்டுபிடித்த விதிகள் எதுவும் இதனால் அசையவில்லை. சொல்லப்போனால், ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவியதே அவருடைய பட்டியல்தான்.

மருமகள் காபி கொண்டு வந்து வைத்தாள். தாத்தா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

1989-இல் நடந்தது அது. தாராசுரத்திலிருந்து ஒரு நெசவாளி, மகள் கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் எடுத்திருந்தார். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, குடம், தாம்பாளம், எவர்சில்வர் சாமான்கள். கொஞ்சம் ரொக்கம், மீதி கடன். சொன்ன தேதிக்கு முன்பே வந்து பாக்கி 1,850 ரூபாயையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். தாத்தாதான் ரசீது போட்டுக் கொடுத்தார். நாளேட்டில் வரவும் வைத்தார். ஆனால் அன்று கடையில் முகூர்த்த நாள் கூட்டம். நாளேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதும்போது அந்த ஒரு வரி விட்டுப்போனது.

பேரேட்டைப் பார்த்துத்தான் முதலாளி பாக்கிக்காரர் பட்டியல் எடுத்தார். கடைப் பையன் அந்தப் பட்டியலோடு தாராசுரம் போனான். போன நாள், கல்யாணத்துக்கு முந்தின நாள். பந்தலில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது, எல்லார் முன்னாலும், "1,850 ரூபாய் பாக்கி வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று கேட்டான். அந்த மனிதர் வீட்டுக்குள் ஓடி, பெட்டியைக் கவிழ்த்து, ரசீதைத் தேடி எடுத்து வருவதற்குள் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் பந்தலில் ஒருவரும் பேசவில்லையாம். பையன் திரும்பி வந்து சொன்னான்.

"முதலாளி சிரிச்சாரு. 'விடுய்யா, ஒரு வரிதானே, ரசீதுதான் இருந்துச்சே'ன்னாரு. கடைக்கு நஷ்டமில்லை. என் சம்பளத்துல பிடிக்கலை. மறுநாள் காலையில நான் கல்யாணத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் 'வாங்க வாங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் பந்தியில உட்கார வெச்சாரு. எனக்கு வாய் வரலை. மொய் 101 எழுதிட்டு வந்துட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இருபது வருஷம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு ராத்திரியும் பேரேட்டை ரெண்டு தடவை சரிபார்த்துட்டுத்தான் கடையை விட்டு இறங்குவேன். ஒரு வரி விடலை. ஆனா எத்தனை லட்சம் வரி எழுதினேன்னு இன்னிக்கு எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

மருமகளுக்கு இந்தக் கதை தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமனார் மொய் நோட்டைக்கூட இரண்டு முறை கூட்டிப் பார்க்கும்போதெல்லாம் 'சும்மா இருக்க மாட்டாரா' என்று நினைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பேத்தி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் காலாண்டுக் கணக்குத் தாள் இருந்தது. நான்காக மடித்து ஏதோ புத்தகத்துக்குள் வைத்திருந்திருக்கிறாள். மடிப்பு கிழிகிற நிலையில் இருந்தது. மதிப்பெண் 92.

"கடைசிக் கேள்வி தாத்தா. வரைபடம். எட்டு மார்க். அது எனக்குத் தெரியும். வீட்டுல பத்துத் தடவை போட்டுப் பார்த்ததுதான். கிராஃப் ஷீட்கூட வாங்கி வெச்சேன். வடிவியல் கேள்வியை முடிச்சுட்டு எல்லாத்தையும் சரிபார்த்தேன், கட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன். வெளிய வந்து பிரெண்ட்ஸ் பேசிக்கும்போதுதான்... அதைப் போடவே இல்லைன்னு தெரிஞ்சுது. அப்பா 'எட்டு மார்க்கைக் குப்பையில போட்டுட்டு வந்திருக்கா'ன்னு போன்ல எல்லார்கிட்டயும் சொன்னாரு. தெரியாம விட்டிருந்தாகூடப் பரவாயில்லை தாத்தா. தெரிஞ்சே விட்டுட்டா அது என்ன? எனக்குக் கணக்கு வருதா, வரலையா?"

தாத்தா தாளை வாங்கி, பழக்கப்படி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். போட்ட கணக்குகளில் ஒரு அடித்தல் இல்லை. எழுதிய எதிலும் ஒரு மார்க் குறையவில்லை.

அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடிக்காமல், நேராகத் தடவி, சார்ட்டின் மேலேயே வைத்தார். "விட்டது விட்டதுதான். அதை விடலைன்னு சொல்ல முடியாது. பந்தல்ல அந்த மனுஷர் பட்டது பட்டதுதான். ஆனா விட்டதை வெச்சு, எழுதினதெல்லாம் பொய்யின்னு சொல்லிட முடியுமா? இந்தப் பட்டியலைப் பொய்யின்னு சொல்வியா நீ?"

பேத்தி தலையாட்டினாள். இல்லை என்று.

மருமகள்தான் முதலில் பேசினாள். "சரி, எழுது. ஆனா மரியாதையா எழுது."

அன்று ராத்திரி சார்ட் முடிந்தது. 4,800-க்கும் 5,376-க்கும் நடுவில் இடம் இல்லாததால், பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, சிவப்பு மையில் 2,93,31,86,25,600 என்று எழுதினாள். அங்கிருந்து அடி வரை ஓர் அம்பு. அம்பின் மேல் '×23'. அம்பு முடியும் இடத்தில் பட்டியலின் கடைசி எண். கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் எழுதினாள்: 'போர்க்காலத்தில் லண்டன் கணிதச் சங்கத்தில் பணத் தட்டுப்பாடு இருந்ததால் ராமானுஜனின் இந்தக் கட்டுரையில் ஒரு பகுதி அச்சாகவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதுவும் அச்சில் வந்தது.' அதையும் அவள் அன்றைக்குத்தான் படித்திருந்தாள்.

கண்காட்சி அன்று சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் தாத்தாவிடம் ஓடி வந்தாள். டீச்சர் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார்களாம். அப்புறம் நாள் முழுக்க அவளையே சார்ட் பக்கத்தில் நின்று விளக்கச் சொல்லிவிட்டார்களாம். தொண்டை கட்டியிருந்தது.

"ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு கேட்டா தாத்தா, 'அக்கா, ஒண்ணு விட்டுட்டாரே, அவருக்கு எத்தனை மார்க் போடுவீங்க?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நூத்துக்கு நூத்திரண்டுன்னேன். அவர் எழுதினது 102 எண்ணாச்சே!"

தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே குளித்து, வெளுத்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டார். "பாப்பா, தாராசுரம் வரைக்கும் துணைக்கு வர்றியா? டவுன் பஸ்ல போயிட்டு வந்துடலாம்."

"அங்க யாரு தாத்தா இருக்காங்க?"

"தெரியலை. அவர் இருந்தா அவர்கிட்ட சொல்லலாம். இல்லேன்னா அந்தப் பொண்ணு எங்க இருக்கான்னு கேட்கலாம். ஒரு வரி பாக்கி இருக்கு."

பேத்தி செருப்பை மாட்டிக்கொண்டாள். படி இறங்கும்போது அம்மாவிடம் குரல் கொடுத்தாள். "அம்மா, வரும்போது கடையில கிராஃப் ஷீட் வாங்கிட்டு வர்றேன். பத்து ரூபா குடு."